நூற்றிருபத்தொன்று, எழுபத்தெட்டு

பட்டையை வெந்நீர் பிளாஸ்க்கின் மேல் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள் யூஜுவான். கருவி உறுமியது. பட்டை உப்பித் தளர்ந்தது. திரையில் எண் வந்தது. 121, 78.

பிளாஸ்க்கில் கட்டுவதற்கு முன் அத்தையின் கையில் கட்டிப் பார்த்திருந்தாள். அத்தைக்கு ரத்த அழுத்தம் எப்போதும் நூற்றெழுபதுக்குக் குறையாது. அவளுக்கும் 121, 78.

"துக்கத்துக்கு வந்தவங்களுக்கு டீ ஊத்தச் சொன்னா, பிளாஸ்க்குக்கு வைத்தியம் பாக்குறியா?" என்றாள் அத்தை கூடத்திலிருந்து.

கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அப்பா இருந்தார். நேற்று காலை கீரைப் பாத்தியில் விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். மேசை டிராயரில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. சுவர்க் காலண்டரில் தினமும் அவர் கையால் எழுதிய எண்கள். ஏழு வாரமாக ஒரே எண்.

அண்ணன் யூஹாய் உள்ளே வந்து கருவியைக் கையில் எடுத்தான். துக்கத்துக்காக இடுப்பில் கட்டிய வெள்ளைத் துணி அவிழ்ந்து தொங்கியது.

"இதை நம்பித்தான் மாத்திரையை நிறுத்தியிருக்கார். நீயா வாங்கிக் குடுத்தே?"

"நான் இல்ல."

அது உண்மை.

"யீவூ டவுன்ல ஆன்லைன் கடையிலதானே இருக்கே. எது நல்லது, எது டூப்புன்னு தெரியாதா?"

"எனக்கு போன்ல பதில் சொல்ற வேலைண்ணா. சரக்கைக் கண்ணால பாத்ததில்ல."

இதில் பாதிதான் உண்மை. அவளிடம் பதினொரு போன்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் வேறு பெயர். கடைக்காரர்கள் சொல்லும் பொருளை அவள் வாங்குவதாகப் பதிவாகும். காலிப் பெட்டி வரும். எடைக்காக உள்ளே ஒரு டிஷ்யூ பாக்கெட் இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, ஐந்து நட்சத்திரம் தந்து, நாலு வரி எழுதுவாள். வயதானவர்களுக்கான சாமான் என்றால் அப்பாவை நினைத்துக்கொள்வாள். வேகமாக வரும். காது மெஷின், முட்டிப் பட்டை, கால் ஊறவைக்கும் தொட்டி, எல்லாவற்றிலும் அவர் இருந்தார்.

கருவி வந்த பச்சைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். இதற்கு எழுதினாளா? மாதத்துக்கு இருநூறு எழுதுகிறவளுக்கு எது நினைவிருக்கும்? நினைவில்லை. நினைவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டபோது அதை அவளே நம்பவில்லை. இதற்கு மட்டும் அவள் எழுதாமல் இருந்திருந்தால் சரி. அது போதும்.

"யாரும் வாங்கித் தரல. உங்கப்பனேதான் போன்ல வாங்கினான்," என்றபடி அத்தை வாசற்படியில் வந்து நின்றாள்.

யூஹாய் அப்பாவின் போனைத் திறந்து அந்தக் கடையைத் தேடி எடுத்தான். வாங்கியவர்கள் எழுதியவற்றை உரக்கப் படித்தான்.

"'டாக்டரே அசந்துட்டார்.' திருட்டு நாய். 'மாமியாருக்கு வாங்கினேன், ரொம்பத் திருப்தி.' எவளோ காசு வாங்கிட்டு எழுதியிருக்கா. கையில மட்டும் சிக்கட்டும்..."

"பிணத்தை வெச்சுக்கிட்டு வாயை அடக்குடா," என்றாள் அத்தை. "எல்லாருமா பொய் எழுதுவாங்க? அதுல ஒண்ணு எனக்குப் படிச்சுக் காட்டினான். யாரோ ஒரு பொண்ணு, அவ அப்பனைப் பத்தி எழுதினது. நம்ம யூஜுவான் பேசுற மாதிரியே இருக்குன்னு ரெண்டு தரம் படிச்சான். உடனே வாங்கிட்டான்."

யூஹாயின் விரல் நின்றது. தங்கையை நிமிர்ந்து பார்த்தான். பிறகு திரையை மெல்ல நகர்த்தினான். ஒரு இடத்தில் நிறுத்தினான். படித்தான். மறுபடியும் அவளைப் பார்த்தான்.

"இதுவான்னு பாருங்க, அத்தை."

"எனக்கு எங்கடா எழுத்து தெரியுது?"

போனை யூஜுவானிடம் நீட்டினான். "நீ படி."

அவள் வாங்கிப் படித்தாள். குரல் சீராகத்தான் இருந்தது.

"எங்கப்பா பிடிவாதக்காரர். ஆஸ்பத்திரின்னா வாசலோட திரும்பிடுவார். இப்ப காலைல கஞ்சி ஆறுறதுக்குள்ள அவரே அளந்துக்கறார்."

"இதேதான்," என்றாள் அத்தை. "அப்படியே நம்ம ஆளு. இது பொய்யா இருக்குமா, சொல்லு."

திரை மங்கி அணைந்தது.

"நான் வெளியூர்ல இருக்கேன்," என்று யூஜுவான் தொடர்ந்தாள். "அப்பாவை நினைச்சுத் தூக்கம் வராது. இது வந்த பிறகு நிம்மதி. அப்பா அம்மா இருக்கிற எல்லாரும் வாங்குங்க."

யூஹாய் கையை நீட்டினான். அவள் போனைக் கொடுத்தாள். இருண்ட திரையைப் பார்த்தபடியே அவன் நின்றான்.