தூரம் 1.7 மீட்டர்

அந்த வீட்டின் இளைய மகன் தன் இருபத்திரண்டாம் வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், புகைப்படங்களில் விழாமல் போனார். வீட்டுக்கு முதல் டிஜிட்டல் கேமரா வந்த நாள் அது. தபால் நிலையத்தில் வேலை பார்த்த அம்மா அதை வாங்கிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாரையும் ஜன்னலோரம் நிற்கவைத்து எடுத்தார். திரையில் அப்பா இருந்தார், அக்கா இருந்தார், இளையவர் நின்ற இடத்தில் ஜன்னல் கம்பிகள் இருந்தன. கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் இளையவரை நிற்கவைத்து வேறு நான்கு கேமராக்களில் எடுத்துப் பார்த்துவிட்டு, கேமராவில் கோளாறு இல்லை என்று ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். சட்டை, செருப்பு எதுவும் விழாது. கையில் பிடித்திருப்பது மட்டும் விழும். அதனால் அந்த வருடத்துப் படங்களில் ஒரு தேநீர்க் கோப்பை ஆள் நெஞ்சு உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. மாடிக்குத் தண்ணீர் ஏறாததைச் சொல்வதுபோல அக்கம்பக்கத்தார் இதைச் சொல்லிக்கொண்டார்கள்.

யாரும் அவரை ஒதுக்கிவிடவில்லை. அக்காவுக்குக் கல்யாணமானது, அப்பா போய்ச் சேர்ந்தார், அக்காவும் அவர் கணவரும் அம்மாவோடு அதே வீட்டில் தங்கினார்கள். குடும்பமாகப் படம் எடுக்கும்போதெல்லாம் அக்கா கணவர், “நீ நின்னா நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்குப்பா. நீயே எடுத்துடேன்” என்று கேமராவைக் கொடுத்துவிடுவார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இளையவர் வாங்கி எடுத்தார். பதினெட்டு வருடம் எடுத்தார். நடுவில், அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் இருந்த ஒரு பெண் இரண்டு வருடம் அவரோடு பேருந்து நிறுத்தம்வரை நடந்து வந்தாள். ஒருநாள் மழையில் இருவருமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசையாகச் சொல்லி எடுத்தாள். படத்தில் இரண்டு பேருக்குப் போதுமான குடையைத் தன் தலைக்கு மேல் சாய்வாகப் பிடித்தபடி அவள் மட்டும் நின்றாள். அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவருடைய வேலை பாலங்களைப் பராமரிக்கும் துறையில். பொறியாளர்கள் விரிசல்களைப் படம் எடுத்து அனுப்புவார்கள். எல்லாப் படத்துக்கும் கேமரா வைத்த எண்தான் பெயர், எந்த விரிசல் எப்போது எந்தக் கேமராவில் எடுத்தது என்று பார்த்தவுடன் ஒருவருக்கும் தெரியாது. இளையவர் கணினியில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் கேமரா சத்தமில்லாமல் குறித்து வைத்திருக்கும் விவரங்களை அது படிக்கும். ஃபைல் பெயர், நாள், நேரம், கேமராவின் பெயர், கடைசியாக, லென்ஸ் எத்தனை மீட்டர் தள்ளியிருந்த பொருளைப் பார்த்துக் கூர்மைப்படுத்தியது என்கிற தூரம். படத்தின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை சேர்த்து இவ்வளவையும் அதில் அச்சடித்துவிடும். நாலாயிரம் படங்கள் அவர் தேநீர் குடித்து வருவதற்குள் முடிந்துவிடும். ஊரின் மறுகோடியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த ஸ்கிரிப்டைத் திறந்து எதையாவது திருத்திக்கொண்டிருப்பார்.

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளன்று முப்பது பேர் கூடினார்கள். இளையவர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார், கேமராவை அம்மா மடியில் வைத்தார், சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். மாலைவரை யாரும் அவரைத் தேடவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. பதினான்காவது மாதம் அம்மா இறந்தார், அப்போதுதான் போனார்.

காரியங்கள் முடிந்து ஒரு மாதம் கழித்து அக்கா ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பிறகு போனில் பேசினார். “அம்மா எடுத்த படமெல்லாம் அதுல இருக்குடா. ஆபீஸ்ல போடற மாதிரி தேதி போட்டுக் குடு. கண்ணு மங்கினப்புறம் வெறும் சுவரு, ஜன்னலுன்னு என்னென்னவோ எடுத்து வெச்சிருக்காங்க. அதெல்லாம் அழிச்சிடு.”

இளையவர் ஸ்கிரிப்டை ஓட்டினார். அழிப்பதற்காக 638 வெற்றுப் படங்களைத் தனியாக எடுத்துவைத்தபோது, கூடத்துச் சுவர் மட்டும் தெரிந்த ஒரு படத்தின் பட்டையில் ‘தூரம் 1.7 மீட்டர்’ என்று இருந்தது. அடுத்ததில் 1.9. ஜன்னல் படத்தில் 1.2. அந்தக் கூடம் அவ்வளவு சின்னது அல்ல. ஸ்கிரிப்டில்தான் பிழை என்று வரிவரியாகப் பார்த்தார். பிழை இல்லை. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அலுவலக அளவு நாடாவோடு இரண்டு பேருந்து மாறி அக்கா வீட்டுக்குப் போனார்.

அம்மாவின் நாற்காலி இடம் மாறாமல் இருந்தது. நாடாவின் நுனியை அக்கா அதன் கைப்பிடியில் பிடித்துக்கொள்ள, இளையவர் சுவர்வரை இழுத்துக்கொண்டு போனார்.

“நாலே கால்” என்றார்.

“அப்ப ஒண்ணு புள்ளி ஏழுல என்ன இருந்துச்சு?”

இளையவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே வந்து பாதியில் நின்றார். “நான்தான்கா.”

அக்கா நாற்காலியைப் பார்த்தார். “நீ வந்தா அம்மா எப்பவும் கேமராவை வெச்சு நோண்டிக்கிட்டே இருப்பாங்க” என்றார். “துடைக்கறாங்கன்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

இருவரும் மடிக்கணினியை நடுவில் வைத்துக்கொண்டு படங்களை நாள் வாரியாகப் பார்த்தார்கள். சுவர், ஜன்னல், கதவு, மறுபடி சுவர். பிறந்தநாள் தேதியில் தெருவை மட்டும் எடுத்த பதினொரு படங்கள் இருந்தன, எல்லாம் வாசலில் ஒரே இடத்திலிருந்து, சில விநாடி இடைவெளியில். பட்டைகளில் தூரம் 3 என்றது, 6 என்றது, 11, 19 என்றது. கடைசிப் படத்தில் ‘முடிவிலி’ என்று இருந்தது. அளக்க முடியாத தொலைவுக்கு அந்தக் கேமரா அப்படித்தான் எழுதும். அன்று தெருமுனைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தது இளையவருக்கு நினைவிருந்தது. அவர் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதோடு முடிந்துவிடும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அதன் பிறகும் நாற்பத்தொரு படங்கள் இருந்தன. நாற்காலியிலிருந்து எடுத்தவை, திறந்த வாசல், அப்பால் எதிர்வீட்டு மதில். ஒவ்வொன்றிலும் தூரம் 1.7. அந்தத் தூரத்தில் கூடத்தின் நடுத்தரைதான் இருக்கிறது. தேதிகள் எல்லாம் அந்தப் பதினான்கு மாதங்களுக்குள் அடங்கியவை.

அக்கா தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். “இந்த நாள்லாம் நீ வரவே இல்லையேடா. தப்பா எழுதியிருக்கா?”

இளையவர் பட்டையை நெடுநேரம் பார்த்தார். அந்தத் தேதிகளில் தன் மேசையில் உட்கார்ந்து விரிசல்களுக்குப் பெயர் அடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

“இல்லக்கா. சரியாத்தான் எழுதியிருக்கு.”

“அப்ப வந்திருக்க.”

“வந்திருக்கேன் போல.”

“அம்மா ஒரு வார்த்தை சொல்லல பாரு” என்று அக்கா எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

ஹார்ட் டிஸ்க் இப்போது அந்த வீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. ஒரு படமும் அழிக்கப்படவில்லை. உறையின் மேல் அக்கா பேனாவால், ‘தம்பி படங்கள், 638’ என்று எழுதி வைத்திருக்கிறார்.