கோல் கம்பம் காய்த்த பருவம்

1947 செப்டம்பர் கடைசியில் ஹார்விக் கல்லூரி மைதானத்தின் வடக்குக் கோல் கம்பம் துளிர்விட்டது. அக்டோபர் பாதியில் அதில் ஆப்பிள் தொங்கியது. அயோவாவில் எங்கள் பக்கம், ஆட்டத்தில் ஜெயித்தால் ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஆளுக்கொரு துண்டாக உடைத்து வீட்டுக்குக் கொண்டு போவார்கள். கல்லூரி வேறு கம்பம் நடும். ஹார்விக் போருக்கு முன்னாலிருந்தே ஜெயிக்கவில்லை. பிடுங்க ஆளில்லாமல் மண்ணிலேயே நின்ற மரம் வேறென்ன செய்யும்? வேர்விட்டது. தெற்குக் கம்பம் மட்டும் கம்பமாகவே இருந்தது. அந்தப் பக்கம் மண் சரியில்லை என்றார்கள்.

ஆட்டத்துக்குப் பெயர்தான் கால்பந்து. முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிராளியின் பக்கம் முட்டி மோதி முன்னேறுவதுதான் அதில் முக்கால்வாசி. அந்த வருடத்து அணியில் எல்லோரும் போரிலிருந்து திரும்பி அரசாங்கச் செலவில் படிக்க வந்தவர்கள். பாதிப்பேருக்கு முன்வழுக்கை. தகரக் கொட்டகைகளில் மனைவி மக்களோடு இருந்தார்கள். பிள்ளைகளின் துணியைக் காயப்போட்டுவிட்டுத்தான் பயிற்சிக்கு வருவார்கள். ஐரோப்பாவில் எத்தனையோ வயல்களைப் பிடித்துவிட்டு வந்தவர்களுக்கு இன்னொரு வயலுக்காக மண்ணில் விழ மனம் வரவில்லை. எதிராளி ஓடி வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஓட்டிஸ் ப்ராண்ட் என்பவன், தடுக்கி விழுந்த எதிராளியைத் தூக்கி நிறுத்தி, தூசி தட்டி, கோல் கோடு எந்தப் பக்கம் என்று கைகாட்டியும் விட்டான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தலைவலியெல்லாம் பயிற்சியாளர் ஹார்லன் ஸ்டென்ரூடுக்குத்தான். அந்த ஆட்டப் பருவம் முடிவதற்குள் ஒரு ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் வேலை போகும், அதோடு கல்லூரி கொடுத்த வீடும் போகும் என்று கல்லூரித் தலைவர் சொல்லிவிட்டார். ஊரோ ஆப்பிளில் மயங்கிக் கிடந்தது. தோற்ற சனிக்கிழமைக்கு மறுநாள் கிளை கொள்ளாமல் காய்த்தது. தேவாலயத்துப் பெண்கள் மாவுக்குள் ஆப்பிளை அடைத்துப் பை என்ற பலகாரம் சுட்டுப் பக்கத்து ஊர்களுக்கும் அனுப்பினார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "கோச், இந்த வாரமும் தோத்துடுவீங்கல்ல? என் வீட்டுக்காரி மாவு பிசைஞ்சு வெச்சிட்டா."

"இங்க எனக்கு உசுரு போகுது, உனக்குப் பை கேக்குதா?" என்று பாதிச் சவரத்தோடு எழுந்து வந்துவிட்டார் ஹார்லன்.

வீட்டில் அவர் மனைவி வெர்னா சொன்னாள்: "நீ ஜெயிச்சா மரத்தை வெட்டிடுவாங்க. தோத்தா உன்னை வெட்டிடுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது பண்ணேன்."

நவம்பரில் கடைசி ஆட்டம். வந்த அணி இடைவேளையில் ஆப்பிளை வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓட முடியாமல் தவித்ததால், ஹார்விக் இரண்டே புள்ளிதான் பின்தங்கியிருந்தது. நேரம் முடியப் போகிறது. வடக்குக் கம்பத்துக்கு மேலே உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி. ஆனால் கம்பத்துக்கு மேலே இப்போது ஒரு மரமே இருந்தது. சொந்த ஊர்க் கூட்டம் இழவு வீட்டில் போல உட்கார்ந்திருந்தது. ஹார்லன் ஓட்டிஸின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"மரத்துக்கும் மேலயா கோச் போகணும்?"

"போகணும்டா. இல்லேன்னா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

தகரக் கொட்டகையில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்தவனுக்கு வீடு என்றால் என்னவென்று தெரியும். பருவத்திலேயே முதல் தடவையாக மனசு வைத்து உதைத்தான். பந்து ஏறியது, உச்சிக் கவட்டையில் போய் உட்கார்ந்தது. அங்கேயே இருந்தது.

"என்னய்யா ஆச்சு? ஜெயிச்சமா, தோத்தமா?" என்று கூட்டம் கத்தியது.

நடுவர் மெர்ல் டக்கர் அண்ணாந்து பார்த்தார். "மரத்தைக் கேளுங்க. அந்தப் பக்கம் விழுந்தா ஹார்விக் ஜெயிச்சுது, இந்தப் பக்கம் விழுந்தா தோத்துது. அதுவரைக்கும் ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கு. மரத்து மேல எவனும் கை வெக்கக் கூடாது. உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிக்கலாம்."

பருவம் முடியாததால் ஹார்லனை வேலையிலிருந்து நீக்க முடியவில்லை. கல்லூரித் தலைவர்தான் ஓய்வு பெற்றுப் போனார். வந்த அணியில் சிலர் காத்திருந்து சலித்து இந்த ஊரிலேயே பெண் எடுத்தார்கள். ஓட்டிஸ் மாட்டு வைத்தியனானான். நடுவர் சனிக்கிழமைதோறும் விசிலோடு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். ஒரு வசந்தத்தில் சூறாவளி வருவதாகச் சங்கு ஊதியது. ஊரே நிலவறைகளுக்குள் இறங்கியபோது ஹார்லன் மட்டும் மைதானத்துக்கு ஓடினார். அங்கே அவருடைய பழைய அணி முழுவதும், தொப்பையும் வழுக்கையுமாக, சேற்றில் விழுந்து அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஹார்லனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்புறம் அழுவீங்களாம் கோச்," என்று கத்தினான் ஓட்டிஸ். "அந்தக் கிளையைப் பிடிங்க!"

நடுவர் டக்கரும் வந்திருந்தார். மரத்தில் யார் கை வைத்தார்கள் என்று மழையில் அவருக்குக் கண் தெரியவில்லையாம். பல வீடுகளின் கூரை பறந்தது. பந்து அசையவில்லை. இந்த வருடம் ஆப்பிள் கொஞ்சம் புளிப்பு. சர்க்கரை கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார்கள்.