நெற்றிச் சிலுவை

மொன்ட்ரியால்-நோர் வீட்டில் அன்று காலை இருந்தவர்கள்: அம்மா சிசிலி, தங்கச்சி றொஷினி, மேல்மாடி றோஸ்மேரி அன்ரி, நான். அப்பா சுவரில் இருந்தார். மன்னாரில் இலங்கை ஆமி கூட்டிக்கொண்டு போன பிறகு எடுத்த படம் எதுவும் இல்லாததால் இளமையாகவே இருந்தார்.

றொஷினி கனடா இராணுவத்தில் மருத்துவ உதவியாளர். லத்வியாவில் புதிதாகக் கட்டும் முகாமுக்கு அவளை மாற்றிவிட்டார்கள். செய்தி வந்ததிலிருந்து அம்மா அவளோடு கதைக்கவில்லை.

எங்கள் வீட்டில் யார் தூரம் போனாலும் அம்மா நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அனுப்புவார். நான் தாதியர் படிப்பைப் பாதியில் விட்டு, டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் இரவு வேலைக்குப் போன முதல் நாளும் போட்டார். றொஷினி அதற்காகத்தான் சீருடையோடு வாசலில் நின்றாள். அம்மா குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டினார்.

"அங்கை சரியான குளிராம், பிள்ளை," என்றார் அன்ரி.

"இஞ்சை மட்டும் என்ன அன்ரி, வேர்க்குதோ?" என்றவள் குசினிப் பக்கம் திரும்பினாள். "அம்மா, கார் வந்திட்டுது."

"உந்த உடுப்பைக் கழட்டிப்போட்டு வரச் சொல்லு," என்று அம்மா என்னிடம் சொன்னார்.

"இதோடைதான் போகோணும்."

கத்தி நிற்கவில்லை.

"சிலுவையை நான் போடட்டே?" என்றேன்.

"பிளேன் கக்கூஸ் கழுவின கையாலையோ, அண்ணை?" என்று சிரித்தாள் றொஷினி. ஆனால் தொப்பியைக் கழற்றிக் குனிந்தாள்.

சுட்டுவிரலால் ஒரு கோடு இழுத்தேன்.

"பெருவிரலாலை," என்றது அம்மாவின் குரல்.

திரும்பிப் பார்த்திருக்கிறார். பெருவிரலால் மறுபடி போட்டேன். றொஷினியின் கண் குசினியிலேயே இருந்தது. அங்கிருந்து யாரும் வரவில்லை.

"அப்ப, போயிட்டு வாறன்," என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளிப்படியில் இறங்கினாள். அன்ரியும் மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே தன் வீட்டுக்குப் போனார்.

குளிர் அடித்தது. கதவைச் சாத்தப் போனேன்.

"விடு. கார் திரும்பட்டும்."

போனவரின் பின்னால் உடனே கதவைச் சாத்தக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஈரக் கையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். தெருமுனையில் சிவப்பு விளக்கு. கார் அதில் நின்றது. அது பச்சையாக மாற வேண்டாம் என்று இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பச்சையானது. கார் திரும்பியது. அம்மா கதவைச் சாத்தி, பெருவிரலால் பூட்டைத் திருகினார்.