இடிந்த வளைவில் ஒரு கதவு

ரோமில் இடிந்து கிடக்கும் பழைய குளியல் மண்டபத்தின் ஒரு வளைவுக்குள் கதவு பொருத்திக் குடியிருந்தாள் ஓர்சோலா. ஊரார் துணியை வெளுத்து அந்தச் சுவர்களின் மேலேயே காயப்போடுவாள். வடக்கே தொலைவிலுள்ள ஹார்லெம் ஊரிலிருந்து வந்த ஓவியன் வோல்ஃபெர்ட் இடிபாடுகளை வரையத்தான் முதலில் அங்கே போனான், பிறகு அவளைப் பார்க்க.

கடைசியாக வரைந்த தாளைக் காட்டியபோது அவள் சிரித்தாள்.

"ஏய்யா, கல்லையெல்லாம் இம்புட்டு நுணுக்கமா வரைஞ்சுட்டு என்னை மட்டும் எறும்பாக்கிட்டியே?"

"கல்லு சொன்ன இடத்துல நிக்குது. நீ நிக்கிறியா?"

"நீ நின்னா நானும் நிப்பேன்."

அவனால் நிற்க முடியாது. அப்பா படுத்த படுக்கை என்று ஊரிலிருந்து ஆள் வந்து சொல்லியிருந்தான், வண்டி மறுநாள். படமோ ஒன்று, இருவருக்கும் அது வேண்டும். அச்சுக்கடைக்குப் போய், சிவப்புச் சாக்கட்டிப் படத்தின் மேல் ஈரத்தாளை வைத்துப் பொறியில் அழுத்தினான். ஓவியர்கள் செய்வதுதான். தூளில் பாதி புதுத்தாளுக்குப் போய்விடும். இரண்டும் வெளிறும், புதியது இடவலம் மாறியிருக்கும்.

"இதுல என் கதவு அந்தப் பக்கம் போயிடுச்சே," என்றாள் ஓர்சோலா.

"அது எனக்கு. நேரா இருக்கறது உனக்கு."

"எனக்கு எதுக்கு? என் கதவு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நேரா இருக்கறத நீ கொண்டு போ. திரும்பி வந்து வேற எவ கதவையாவது தட்டிறாத."

ஹார்லெமில் அப்பா இறந்தார். அவர் நடத்திய துணி வெளுக்கும் களம் அவன் தலையில் விழுந்தது. வெளுப்பதற்காக மோரில் ஊறவைத்த துணி புல்வெளி முழுக்க விரிந்து கிடக்கும்போதெல்லாம் அவன் கண் ஒரு சுவரைத் தேடும்.

எடுத்தெடுத்துப் பார்த்ததில் விரல் பட்டு, தாளில் எறும்பளவு இருந்த அவள் உருவம் கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. அக்கா ஹிலெகோண்ட் எட்டிப் பார்த்தாள்.

"வாசல்ல என்னடா, கறையா?"

"பொண்ணு."

"அப்போ ஒழுங்கா வரையேன். சாக்கட்டியா இல்ல?"

சாக்கட்டி இருந்தது. துணிக்கூடையை அவள் எந்த இடுப்பில் வைப்பாள்? வலது என்று தோன்றியது. யோசித்தால் இடது என்று தோன்றியது. கண்ணை மூடினால் வளைவு வந்தது, சுவர் வந்தது, ஒரு விரிசல்கூடத் தப்பவில்லை. கூடையும் அதைச் சுமந்தவளும் வரவில்லை.

சாக்கட்டியைக் கீழே வைத்தான்.

"அக்கா, களத்தை நீ பாத்துக்குவியா?"

"எத்தனை நாளைக்குடா?"

அவன் தாளின் மேல் மெல்லிய துணியைப் போர்த்தி, அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.