மேட்டு வீட்டின் மூன்று பானைகள்

அகழாய்வுக் குழிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்ததுமே மண் சுமப்பவள் திரும்பினாள். கூடையோடு ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். அகழாய்வுக்காக வீட்டை இடித்த போன மாதம் வரை அவளுடைய சமையலறையாக இருந்த இடம். அவள் தரைக்குக் கீழே யாரோ ஒருத்தியின் செங்கல் தரை. அதையும் பெயர்த்தால் வேறு யாரோ எரித்த அடுப்புச் சாம்பல். சாம்பலை ஒட்டி, மூடி போட்ட மூன்று மண்பானைகள், தோளோடு தோள் உரசிக்கொண்டு.

“உள்ள தங்கமா இருந்தா பாதி எனக்குக்கா,” என்றான் தோண்டுகிறவன்.

“தங்கமில்லப்பா, குழந்தைங்க,” என்றாள் அகழாய்வு அதிகாரி. “செத்தா வீட்டுக்குள்ளயே புதைச்சிருக்காங்க. மூவாயிரம் வருஷமிருக்கும்.”

“அதுல ஒண்ணு எம்புள்ள மேடம்,” என்றாள் மண் சுமப்பவள்.

மண் சலித்துக்கொண்டிருந்த கணவன் பதறி வந்தான். “வாய மூடுடி, கேஸாயிடும். வெயில்ல உளர்றா மேடம்.”

“நான் ஏன் உளர்றேன்? அவன் செத்தப்ப பெரிய வெள்ளம், மேட்டச் சுத்தித் தண்ணி. சுடுகாட்டுக்கு வழியில்ல. இவருதான் தரைய ஒடச்சாரு. கும்மிருட்டு. கைக்கு ஒரு பானை தட்டுப்பட்டுச்சு. அதுல இருந்த மண்ணக் கொட்டிட்டு, இவரு சட்டையில சுத்தி அவன வச்சோம்.”

அதிகாரியின் குரல் இறங்கியது. “கொட்டின மண்ணுல என்னம்மா இருந்துச்சு?”

“பாக்கலியே. எம்புள்ளைக்கு எடம் வேணுமேன்னுதான் நெனச்சேன்.”

அதிகாரி கையிலிருந்த தூரிகையால் மூன்று பானைகளையும் காட்டினாள்.

“சரி, எது உங்க பானை?”

பார்த்தாள். ஒரே வயிறு, ஒரே மூடி, ஒரே வண்டல். உள்ளே பிள்ளைக்குக் குளிருமே என்று அந்த இடத்தை விட்டு அடுப்பை ஒருநாளும் நகர்த்தாதவள், அவளுக்கே தெரியவில்லை.

“தெறந்து பாருங்க மேடம்.”

“இங்க தெறந்தா உள்ள இருக்கிறதெல்லாம் பொடியாயிடும்மா. ஆய்வுக்கூடத்துலதான் தெறக்கணும்.”

“அங்க போனா திரும்பி வருமா?”

அதிகாரி தூரிகையை முழங்காலில் தட்டிக்கொண்டே நின்றாள்.

மேலே, பானைகளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போகும் வேன் பின்வாங்கி வந்து நின்றது. மண் சுமப்பவள் குழிக்குள் இறங்கி இரண்டு பானைகளை அணைத்துக்கொண்டாள். மூன்றாவது எட்டவில்லை. நகர்ந்து அதைப் பிடித்தால் இந்தப் பக்கத்துப் பானை கைவிட்டுப் போனது. திரும்ப நகர்ந்தாள். மறுபடியும் நகர்ந்தாள். மூச்சு இரைத்தது.

“ஏங்க...”

கணவன் அதிகாரியைப் பார்த்தான். சல்லடையைக் கீழே வைத்துவிட்டு இறங்கினான். மனைவிக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, எட்டாமல் போன பானையைத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டான்.

வேன்காரன் ஹாரன் அடித்தான். பானையின் மூடிமேல் உதிர்ந்த மண்ணைக் கணவன் உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தான்.