பங்கு பிரித்த மண்

விவாகரத்தில் வீடு கொரினுக்கு வந்தது, டிரக்கும் நாயும் டுவைட்டுக்குப் போயின. மண்ணைப் பிரிக்கத்தான் இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஹம்போல்ட் மலையில் கஞ்சா பயிரிடுகிறவர்கள் பாத்திரம் பண்டத்தை விட்டுக்கொடுப்பார்கள். வருஷக்கணக்காக மக்கவைத்து, அறுவடைக்கு அறுவடை ஊட்டி வளர்த்த மண்ணை விடவே மாட்டார்கள். கடைசியில் பாதிப் பாதி என்று முடிந்தது. டுவைட் தன் பாதியை ஓடைக்கு அக்கரையில் டான்சி என்ற இளம்பெண்ணின் தோட்டத்துக்கு அள்ளிப்போனான். அவனும் அங்கேயே தங்கிவிட்டான்.

போனால் போகிறான். ஆனால் அந்த மண் கொரின் உண்டாக்கிய மண். தழைச்சத்துக்கு வவ்வால் எச்சம், மணிச்சத்துக்கு எலும்புத்தூள், சாம்பல் சத்துக்குக் கடற்பாசி என்று அளந்து கலந்தவள் அவள். டுவைட் மண்வெட்டி பிடித்தான், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் மூடுபனி விலகிய ஒரு காலையில் அவள் அக்கரையைப் பார்த்தாள். டான்சியின் செடிகள் கரும்பச்சையாய், எண்ணெய் தடவினாற்போல் மின்னின. தன்னுடையவை வெளிர் பச்சை. பூவிடும் பருவத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் ஆயிற்றே! வயிறு எரிகிறபோது தெரிந்தது எங்கே நினைவுக்கு வருகிறது? என் புருஷன், என் மண், இப்போது இந்தப் பச்சையும் அந்தச் சிறுக்கிக்கா என்று பொருமியபடி, வவ்வால் எச்சத்தை மூட்டையோடு கவிழ்த்தாள்.

செடிகள் கறுத்துச் செழித்தன. கொரின் பூரித்துப்போனாள். பிறகு இலைநுனிகள் பருந்தின் நகம்போல் உள்ளே வளைந்தன, பூ நின்றுபோயிற்று. இந்த அறுவடை போனால் வருஷம் முழுக்கப் பிழைப்புக்கு வழியில்லை.

அந்த நேரம் பார்த்து டான்சி மலையேறி வந்தாள். கொரின் ஓடிப்போய்த் தோட்டத்துக் கதவை மறித்து நின்றாள்.

"என்ன இந்தப் பக்கம்?"

"எங்க செடி இலையெல்லாம் நகம் மாதிரி மடங்கிடுச்சுங்க. பூவே பிடிக்கல. டுவைட் கோழி எருவை இஷ்டத்துக்குக் கொட்டிட்டார்."

கொரினுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவள் பொறாமைப்பட்டது நோயைப் பார்த்து.

"அவன் வந்து கேக்கறதுக்கென்ன?"

"வெக்கமாம். ஆனா சாப்பிட உக்காந்தா 'கொரின் இருந்தா இப்படி ஆகுமா, கொரின் மண்ணு மாதிரி வருமா'ன்னு ஒரே புராணம். எனக்குச் சாப்பாடே இறங்கறதில்ல."

அந்த இளம் முகத்தில் பொறாமை! கொரினுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"மேல கொட்டினதைச் சுரண்டி எடு. மரத்தூள் கலந்து மூடு, அது மிச்சத் தழைச்சத்தை இழுத்துக்கும். அப்புறம் வெறும் தண்ணிதான். அளவு தெரியாதவங்க கையில மண்ணைக் குடுத்தா இதான் கதி."

காற்று திரும்பியது. எரு நாற்றத்தில் டான்சி மூக்கைச் சுளித்தாள். எம்பி, கொரினின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஐயையோ, உங்களுதும் நகமா!"

 கொரின் மெல்லக் கேட்டாள். "அவன்கிட்ட சொல்லிடாத, டான்சி."

"மரத்தூள் உங்களுக்கும் சேத்தே கொண்டாறேன். ஆனா சொல்லாம இருக்க என்னால முடியாதுங்க. இன்னிக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்."

டான்சி துள்ளிக்கொண்டு இறங்கிப்போனாள். கொரின் குனிந்து எருவைச் சுரண்டத் தொடங்கினாள். சற்று நேரத்தில் அக்கரையில் டுவைட் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. அவளோடு இருந்த கடைசி வருஷங்களில் அவன் அப்படிச் சிரித்ததே இல்லை.