ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி

சின்னவள் முதல் தடவை "நன்றி" என்று சொன்னபோது பெரியவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் தடவை அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வராமல் என்ன செய்யும்? முன்பக்கம் சலவைக் கடை, பின்பக்கம் வீடு. இரண்டிலும் இவர்கள் இருவர்தான். தம்பி செத்துப் போனதிலிருந்து தம்பி பெண்டாட்டி அவளிடம் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் அட்டை நிறையாது. "சோப்புத்தூள் தீர்ந்துடுச்சு." "அந்தப் பச்சைச் சட்டை சாயம் போகுது." அவ்வளவுதான். டீயை நீட்டினால் வாங்கிக்கொள்வாள், நீட்டுகிற முகத்தைப் பார்க்க மாட்டாள். அப்படிப்பட்டவள் திடீரென்று ஒரு காலையில் தம்ளரை வாங்கிக்கொண்டு, "நன்றி அண்ணி" என்கிறாள்.

சொந்த வீட்டில் யாராவது நன்றி சொல்வார்களா? மேடையில் சொல்வார்கள். வேலையை விட்டுப் போகிறவன் சொல்வான். உறவை முறித்துக்கொள்கிறவன், வாசல் தாண்டும்போது கும்பிட்டுச் சொல்வான். ஒரே பானைச் சோற்றைத் தின்கிறவர்களுக்குள் அந்த வார்த்தைக்கு என்ன வேலை? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பெரியவள் அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள்.

பார்க்கப் பார்க்க சந்தேகம் வளர்ந்தது. சின்னவள் துணி பிழியும்போது உதடு அசைந்தது. மூலையில் தூசி படிந்து கிடந்த அவளுடைய பைபிள் மறுபடி தலையணைக்கு அருகே வந்திருந்தது. அவள் பிறந்த வீடு வேதக்கார வீடு. தம்பி அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது பெரியவள் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. சாமிக்கும் பெரியவளுக்கும் எந்தக் காலத்திலும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் தம்பி போனபின் சின்னவளும் சாமியோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். இப்போது அங்கேயும் பேசுகிறாள், இங்கேயும் பேசுகிறாள். எதற்கு?

இன்னொன்றையும் பெரியவள் கண்டாள். கடையின் கூரை மேல் தண்ணீர்த் தொட்டி. அதன் வால்வு அடிக்கடி இறுகிக்கொள்ளும். யாராவது இரும்பு ஏணியில் ஏறி, குறட்டால் நாலு தட்டுத் தட்டினால்தான் கீழே மெஷினுக்குத் தண்ணீர் வரும். ஒருநாள் ஏணி உச்சியில் நின்று தட்டிக்கொண்டிருந்த பெரியவள் தற்செயலாகக் கீழே பார்த்தாள். சின்னவள் ஏணியடியில் நின்றாள். அவளுடைய ஒரு கை ஏணிமேல் இருந்தது. பெரியவள் சட்டென்று தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சின்னவள் கையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். பெரியவள் அரண்டதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

தம்பி விழுந்து செத்தது அந்தக் கூரையிலிருந்து. அன்று நல்ல மழை. குவிந்து கிடந்த துணிக்குத் தண்ணீர் வரவில்லை. "மழை விடட்டும்க்கா, ஏறுறேன்" என்றான் தம்பி. "நீ என்ன சர்க்கரையா, மழையில கரைஞ்சு போறதுக்கு? ஏறுடா" என்றாள் இவள். அவன் சிரித்துக்கொண்டேதான் ஏறினான். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த சின்னவளும் அதைக் கேட்டுச் சிரித்தாள். பிறகு போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, பெரியவள் வாயிலிருந்து அவளே எதிர்பாராமல் ஒரு பொய் வந்து விழுந்தது. "அவனாத்தான் ஏறினான் சார். நான் வேணாம்னுதான் சொன்னேன்." சின்னவள் சுவரோடு சாய்ந்து நின்று, அதையும் கேட்டாள். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

சொல்லாத அந்த ஒரு வார்த்தைதான் ஒரு வருடமாகப் பெரியவளின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. என்றைக்கு வாயைத் திறப்பாளோ என்ற பயம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

ஒரு வியாழக்கிழமை பயந்தது நடந்தது. பின்கட்டில் சின்னவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பெரியவள் கதவுக்கு இந்தப்பக்கம் ஈரப் போர்வையை அணைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை கண்டிப்பா சாட்சி சொல்றேன். இல்ல, எல்லாத்தையும்தான். மறைக்கப் போறதில்ல. அண்ணி பண்ணதையும் சேர்த்துத்தான் சொல்லணும், அப்பதான் அது சாட்சி. இல்ல இல்ல, அவங்களுக்குத் தெரியாது."

போர்வையிலிருந்த ஈரமெல்லாம் பெரியவளின் புடவைக்கு வந்துவிட்டது. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோர்ட் திறந்திருக்கும் என்று அவள் தன்னையே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பயந்தவர்கள் கேள்வி கேட்பதில்லை, பதிலை மட்டும்தான் தேடுவார்கள். மறுநாள் கறுப்புக் கோட்டை வாங்க வந்த வக்கீலிடம், யாருக்கோ கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஏன் சார், ஒரு வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து சாட்சி சொன்னா, முடிஞ்ச கேஸை மறுபடி எடுப்பாங்களா?"

வக்கீல் கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டே, "சாட்சி உறுதியா இருந்தா எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்மா. ஏன், யாருக்கு?" என்றார்.

"தெரிஞ்சவங்களுக்கு."

"தெரிஞ்சவங்களை வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கோட்டோடு போனார். அன்று பெரியவள் இரண்டு சட்டைகளைக் கருக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவள் வெளுத்த நீலப் புடவை கட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன் அண்ணி" என்றாள். அந்த மரியாதையும் பெரியவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்து, கடையைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு முன்னாலேயே வழிமறித்துக் காலில் விழுவதா, கையைப் பிடித்து இழுத்து வருவதா என்று அவளுக்கே தெரியாது. விழத்தான் நினைத்தாள். ஆனால் முழங்கால் மடங்காது.

சின்னவள் போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டிப் போனாள். கோர்ட்டுக்குத் திரும்புகிற சாலையையும் விட்டுவிட்டாள். டயர் கடை ஒன்றின் பக்கவாட்டுப் படியில் ஏறி மாடிக்குப் போனாள். வக்கீல் ஆபீசாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பெரியவளும் கைப்பிடியைப் பற்றிப் பற்றி ஏறினாள். கடைசிப் படியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வக்கீல் ஆபீசில் செருப்பைக் கழற்றுவார்களா? அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகத் தடுமாற்றம் வந்தது.

பாதி திறந்த கதவு வழியாகப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு மின்விசிறிகள், சுவரில் மரச் சிலுவை. பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட போதகர், "இப்ப நம்ம சகோதரி ஒருத்தங்க சாட்சி சொல்வாங்க. ஆண்டவர் அவங்க வாழ்க்கையில செஞ்சதைச் சொல்வாங்க" என்றார்.

இந்தச் சாட்சியா! பெரியவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு படி இறங்கினாள். ஆனால் உள்ளே சின்னவளின் குரல் கேட்டது. 'அண்ணி பண்ணதையும்' என்று போனில் சொன்னது நினைவுக்கு வரவே, அப்படியே நின்றுவிட்டாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குப் பேசி வழக்கமில்ல. என் வீட்டுக்காரர் மழையில கூரையிலேர்ந்து விழுந்து செத்துப்போனாரு. ஏறச் சொன்னது என் அண்ணி. அப்புறம் போலீஸ்ல, நான் ஏறச் சொல்லலன்னு சொன்னாங்க. பொய். நான் பக்கத்துலதான் நின்னேன்."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். படியில் நின்றவளுக்கு முகம் பற்றி எரிந்தது. முன்பின் தெரியாத இத்தனை பேர் முன்னால்!

"அவங்களை வெறுத்தேன். ஒரே வீட்டுல இருந்துகிட்டு, அவங்க போட்ட டீயைக் குடிச்சுக்கிட்டே வெறுத்தேன். கூரையிலேர்ந்து அவங்களும் விழணும்னு நினைச்சிருக்கேன். போதகர் ஐயாவோட வீட்டம்மா என்கிட்ட, தினம் ஒரு விஷயத்துக்கு நன்றி சொல்லு, மனசு இல்லேன்னாலும் வாயாலயாவது சொல்லுன்னாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. எதுக்கு நன்றி? எம் புருஷனை எடுத்துக்கிட்டதுக்கான்னு கேட்டேன். அதுக்கு இல்லம்மா, அதுக்கு நன்றி சொல்லச் சொல்லி எந்த ஆண்டவரும் கேக்க மாட்டாரு, கண்ணு முன்னாடி மிச்சம் இருக்கிறதைப் பாருன்னாங்க. கண்ணு முன்னாடி இருந்தது அண்ணி மட்டும்தான். சரி, டீக்கு நன்றின்னேன். பொய்யாத்தான் சொன்னேன். அவங்க என்னைத் திருடியைப் பாக்கிற மாதிரிப் பாத்தாங்க."

சிலர் சிரித்தார்கள். சின்னவளும் கொஞ்சம் சிரித்திருக்க வேண்டும், குரல் அப்படி இருந்தது. தம்பி சாவுக்குப்பின் பெரியவள் கேட்காத குரல் அது.

"அப்படி நன்றி சொல்றதுக்கு ஏதாவது கெடைக்குமான்னு தேட ஆரம்பிச்சப்பதான் ஒண்ணைக் கவனிச்சேன். அவரு போனதுலேர்ந்து அண்ணி யாரையும் கூரைக்கு ஏற விடுறதில்ல. ஆள் கூப்பிடுறதுமில்ல. முட்டி வலியோட அவங்களே ஏறுறாங்க, வெயில்லயும் மழையிலயும். யாருக்கும் சொல்றதில்ல. எனக்குத் தண்ணி வேணும்னா அவங்க ஏறுறாங்க. ஒருநாள் நான் போயி ஏணியடியில நின்னேன். எதுக்குப் போனேன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். கையை ஏணிமேல வச்சேன். அசைச்சா அவங்க காலி. ஆனா என் கை பிடிச்சுக்கிச்சு. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அதுலேர்ந்து அவங்க ஏறும்போதெல்லாம் போயிப் பிடிச்சுக்குவேன், இறங்குறதுக்குள்ள வந்துடுவேன். பிடிச்ச கைக்குத்தான் முதல் தடவை நெசமா நன்றி சொன்னேன். அன்னிக்கு ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வந்துச்சு. அவ்வளவுதான் என் சாட்சி. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

பெரியவள் செருப்புக் குவியலுக்கு நடுவே படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தனக்குக் கீழே ஏணி ஆடாமல் நின்றதற்குக் காரணம், தன் கால் உறுதி என்று இத்தனை நாளாக அவள் நினைத்திருந்தாள்.

கூட்டம் முடிந்து ஆட்கள் செருப்பு மாட்டிக்கொண்டு அவளைச் சுற்றி இறங்கினார்கள். சின்னவள் கடைசியில் வந்தாள். படியில் இருப்பது யார் என்று பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"அண்ணி! எப்ப வந்தீங்க?"

"எல்லாத்தையும் கேட்டேன்."

இருவரும் இறங்கித் தெருவுக்கு வந்தார்கள். டயர் கடை மூடியிருந்தது. பெரியவள் அதன் இரும்புக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கேட்டுவிட வேண்டும். இப்போது கேட்காவிட்டால் என்றைக்கும் கேட்க மாட்டாள்.

"அப்ப, என்னை மன்னிச்சுட்டியா?"

ஆமாம் என்று சின்னவள் சொல்லியிருந்தால் பெரியவள் சாகிறவரை அதைச் சந்தேகப்பட்டிருப்பாள். கோவிலில் நின்றுவிட்டு வந்த சூட்டில் சொல்கிறாள் என்றோ, ஊருக்காகச் சொல்கிறாள் என்றோ நினைத்திருப்பாள்.

சின்னவள் கையிலிருந்த பைபிளை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். "இல்ல அண்ணி" என்றாள். "இன்னும் இல்ல. நன்றி வரைக்கும்தான் வந்திருக்கேன். அது வருமான்னு தெரியல. தினமும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

பெரியவள் அவளையே பார்த்தாள். இத்தனை நாளில் அவள் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நம்பாதவள், இதை முழுசாக நம்பினாள். நம்பியதும் உள்ளே எதுவோ பிடி விட்டது.

"நான்தான் ஏறச் சொன்னேன்" என்றாள். "அவன் மழை விடட்டும்னான். நான்தான்..."

"தெரியும் அண்ணி."

பெரியவள் அழுதாள். பிணம் கிடந்தபோதும், பொய் சொன்ன வாயோடு எப்படி அழுவது என்று அழாதவள், மூடிய கடைக்கதவில் முகத்தை வைத்துக்கொண்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, தம்பி தம்பி என்று அழுதாள். சின்னவள் அவளைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. ஆனால் அழுது முடிகிறவரை எங்கும் போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.